துணை கேட்கத் துணிந்தவர்

தென்காசிக்குப் பக்கத்தில், வயல்கள் சூழ்ந்த ஊர் ஆய்க்குடி. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். கோவையில் பொறியியல் நான்காம் ஆண்டு படித்தபோது, கடற்படை அதிகாரி ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. 1975-ல் பெங்களூரில் நடந்த தேர்வில், உடல்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அப்போது அவர் இருபது வயது இளைஞர்.

புனே ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையோடு நம்பிக்கையும் தந்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், அந்த மருத்துவரின் பெயரைத் தாங்கிய அமர் சேவா சங்கத்தை 1981-ல் ஆய்க்குடியில் தொடங்கினார். ஐ.நா. சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டு அது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறு பள்ளியாக ஆரம்பித்தது, இன்று பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி எனப் பெரிய வளாகமாக வளர்ந்து நிற்கிறது. வளர்ச்சி தாமதமான குழந்தைகளைத் தேடிக் கிராமத்து வீடுகளுக்கே அதன் பணியாளர்கள் போகிறார்கள். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்த வாழ்க்கையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் தொடக்கம்தான். ஒரு தாளைப் புரட்டவும் இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், ஒரு பள்ளியைத் தொடங்க எத்தனை பேரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும்! முதல் நாளிலிருந்தே அவருடைய கனவு பிறர் கைகளோடு சேர்ந்துதான் வளர முடிந்தது.

நம்மில் பலருடைய கனவு நின்றுபோவது இந்த இடத்தில்தான். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தைவிட, நாலு பேரிடம் போய் நிற்க வேண்டுமே என்ற கூச்சம் பெரிது. அந்தக் கூச்சத்துக்கு நாம் போடும் மரியாதையான வேஷம் படிப்பு. 'இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு இறங்கலாம்', 'இன்னொரு கோர்ஸ் முடியட்டும்' என்கிறோம். புத்தகம் நம்மை 'முடியாது' என்று திருப்பி அனுப்பாது, மனிதர் அனுப்பக்கூடும். அதனால்தான் புத்தகத்தோடேயே இருந்துவிடுகிறோம்.

இதனால் படிப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. 1992-ல் ராமகிருஷ்ணனோடு வந்து சேர்ந்தவர் எஸ். சங்கர ராமன். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர். தாம் கற்ற கணக்கையும் நிர்வாகத்தையும் அவர் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தார். ஒருவர் வாய் திறந்து கேட்டதும், இன்னொருவர் கற்றதைக் கொண்டுவந்து கொடுத்ததும் சேர்ந்துதான் அமர் சேவா சங்கம் இந்த அளவுக்கு வளர்ந்தது. கல்விக்கு அதைவிட நல்ல இடம் எது?

கப்பலேறும் கனவு ராமகிருஷ்ணனுக்குக் கைகூடவில்லை. ஆனால் நாட்டுக்கு உழைக்கும் வழி அவருக்குப் பிறந்த ஊரிலேயே திறந்தது. உங்கள் கனவும் நீங்கள் நினைத்த உருவத்திலேயே வராமல் போகலாம். அதற்காக அதைக் கைவிட வேண்டாம்.

நீங்கள் வெகுநாளாக ஒத்திப்போடும் காரியம் ஒன்று இருக்கும். அதற்கு உதவக்கூடிய ஒருவரும் இருப்பார். இன்றைக்கே அவரிடம் போய்க் கேளுங்கள்.