கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன் இருப்பாளா?

கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி குன்றின்மேல், காலனிய காலக் கட்டடமொன்றில் மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1784இல் டச்சுக்காரர் இந்தக் குன்றைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். பழைய பீரங்கிகள் இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. பீரங்கி காட்சிப்பொருளானால் யாருக்கும் மனக்குறையில்லை. மூடப்பட்ட தோட்டத்து மாரியம்மனின் சூலம் இப்படியொரு கட்டடத்துக்கு வந்தால்? அது தெய்வமா, இரும்பா?

இது வெறும் வாதத்துக்கான கேள்வியல்ல. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் பால்மரக் காடு செம்பனையானது. சில நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. லயங்களில் இருந்தவர்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

தெய்வத்தை இடம் மாற்ற ஆகமத்தில் வழி உண்டு. திருப்பணியின்போது மூர்த்தியின் கலையை, அதாவது தெய்வ ஆற்றலை, கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்வார்கள். தெய்வம் கல்லில் தங்கும், கல்லோடு கட்டுண்டதல்ல என்பதே அதன் அடிப்படை. ஆனால் தோட்டத்துக் கோயில்கள் பலவும் மரத்தடிக் கல்லாகவும் நட்ட சூலமாகவும் தொடங்கியவை. அவற்றுக்கு நெருக்கமானது கிராமத்துப் பிடிமண் வழக்கம்: தாய்க்கோயிலின் ஒரு பிடி மண்ணோடு சாமியும் புது ஊருக்கு வந்துவிடும். புலம்பெயர்ந்தவர்களின் இறையியல் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

கட்டடமல்ல, கும்பிடுகிறவர்களே தெய்வத்தை இருத்துகிறார்கள் என்பதற்கு, பேராக்கில் பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகை ஒரு சான்று. 1915இல் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சுமித் அதைக் கட்டத் தொடங்கினார். வேலைக்கு வந்த தமிழர் பலர் ஸ்பானிஷ் காய்ச்சலில் மாண்டனர். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், அவரும் கட்டிக் கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. கோயில் கூரையில் தெய்வ உருவங்களோடு கோட்டும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம் நிற்கிறது. அது சுமித்தான் என்கிறார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே சுற்றுலாத் தலமானது. கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது.

ஒரே தோட்டம், ஒரே காலம். ஒன்றைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். மற்றொன்றில் அர்ச்சனைச்சீட்டு வாங்குகிறார்கள். வேறுபாடு கல்லில் இல்லை, வருகிறவர்கள் கொண்டுவரும் நேர்த்திக்கடனில் இருக்கிறது. ஆகவே ஒரு சூலத்தை ஏற்குமுன் அருங்காட்சியகம் தாமானுக்குப் போய்க் கேட்க வேண்டும்: பிடிமண் எடுத்தாயிற்றா? எடுத்தாயிற்று என்றால் சூலம் வரட்டும். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் கும்பிட்டார்கள், எப்போது வெளியேறினார்கள் என்பதை அதன் அருகில் தமிழிலும் மலாயிலும் எழுதி வைக்கட்டும்.