திருமேனியின் நிறம்

ஒரு நாட்டு மக்கள் தாம் வழிபடும் பெருமானைத் தம்மைப்போன்ற முகமும் நிறமும் உடையவராக எழுதிக்கொள்ளுதல் குற்றமோ, அன்றி அன்பின் இயல்போ என்பது சமய ஆராய்ச்சியாளர் பலகாலும் எழுப்பிப் போந்ததொரு வினாவாகும். கிறித்து பிறப்பதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே செனோபனீசு என்னும் கிரேக்க அறிஞர், மக்கள் தத்தம் நிறத்தையும் மூக்கையுமே தத்தம் தெய்வங்கட்கு ஏற்றிவிடுகின்றனர் என்று எத்தியோப்பியரையும் திரேசியரையும் சான்று காட்டி எள்ளினார். அவர் எள்ளிய அளவில் நின்றுவிட்டார். தன் முகத்தைத் தன் தெய்வத்திற்கு அளிப்பவன் ஒருவன்; பிறன் முகத்தையே தன் தெய்வத்தின் முகமென்று வணங்குமாறு செய்யப்பட்டவன் மற்றொருவன். இப்பின்னவனைப்பற்றி அக்கிரேக்க அறிஞர் எண்ணினாரல்லர்.

1967-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த டிட்ராயிட் நகரத்திற் பெருங்கலகம் மூண்டது. காவற்படையினர்மீது கறுப்பின மக்கள் நெடுநாளாகக் கொண்டிருந்த சினம் அதற்குக் காரணமாயிற்று. ஐந்து நாட்களில் 43 உயிர்கள் மாண்டன. அந்நகரில் கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றும் திருவிருதயக் குருமடத்தின் வளாகத்திலே, இயேசுநாதரின் வெண்ணிறக் கல்லுருவம் ஒன்று நின்றிருந்தது. கலகத்தின் நடுவே யாரோ ஒருவர் அதன் முகத்திலும் கைகளிலும் கால்களிலும் கரிய வண்ணத்தைப் பூசிச் சென்றார். பிறர் அதனைப் போக்கினர். மீட்டும் கருமை பூசப்பட்டது. இறுதியிற் குருமடத்தார் அக்கருமையையே நிலைபெறவிட்டு, அது மங்குங்காலத்துப் புதுக்கியும் வருவாராயினர். கடைத்தெரு எரிந்துகொண்டிருக்கும் வேளையில் ஒருவர் வண்ணமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு ஒரு திருவுருவத்தை நாடிச் சென்றாராயின், அவ்வெண்முகம் அவர் உள்ளத்தை எத்துணைக் காலம் உறுத்திக்கொண்டிருந்திருத்தல் வேண்டும்! உருவத்தைச் சிதைப்பதே கருத்தாயின் கையிலொரு கல் போதும். அவர் சிதைத்திலர், தம்முடையதாக்கிக்கொண்டார்.

இச்செயலைச் சமய இகழ்ச்சி என்பாரும் உளர். அவர் கூற்றை ஏற்குமுன், அவ்வெண்முகம் எங்கிருந்து வந்தது என்று காண்டல் வேண்டும். இயேசுநாதர் மனிதராய்ப் பிறந்தவர் என்று கிறித்தவர் கொள்ளுதலின், அவர்க்கு ஒரு முகம் இருந்தே தீரும். ஆயின் அவர் வரலாறு கூறும் நற்செய்தி நூல்கள் நான்கினுள் ஒன்றேனும் அம்முகத்தின் நிறத்தையோ வடிவையோ கூறிற்றில்லை. பழைய கிறித்தவ ஆசிரியர்களாகிய கிளமெந்து, தெர்த்துல்லியன் முதலானோர், எசாயா தீர்க்கதரிசியின் நூலைத் துணைக்கொண்டு, அவர் புறவழகு இல்லாதவர் என்றே எழுதினர். சிரியா நாட்டுத் தூரா-யூரோப்பசு என்னும் ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 3-ஆம் நூற்றாண்டு வழிபாட்டில்லத்தின் சுவரோவியத்தில் அவர் தாடியும் நீள்மயிரும் இல்லாத இளைஞர். உரோம நகரின் நிலவறைக் கல்லறைகளில் ஆட்டைத் தோளிற் சுமந்த இடையர். சீனாய் மலை மடத்திலுள்ள 6-ஆம் நூற்றாண்டுப் படத்திலோ, தாடியும் தோளளவு தாழ்ந்த மயிரும் கொண்டு, அரசவீற்றிருக்கை கொண்டார்போன்ற பெருமிதத்தோடு தோன்றுகின்றார். இம்மாற்றமெல்லாம் நேரிற் கண்டார் உரைத்த சான்றால் வந்ததன்று. காலத்திற்கேற்ற பெருமையின் அடையாளங்களை ஓவியர் அவர்மேல் ஏற்றியமையால் வந்தது. பின்னர், அவரை நேரிற் கண்ட லெந்துலு என்னும் உரோம அதிகாரி எழுதியதாக, அவர் மயிரின் நிறம் முதலாக வருணிக்கும் கடிதமொன்று இடைக்காலத்து ஐரோப்பாவில் உலவிற்று. அது போலி என்று அறிஞர் துணிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. போலியோலை கிழிந்தது; அது தீட்டிய முகம் மட்டும் சுவரினின்றும் இறங்கவில்லை.

2001-ஆம் ஆண்டில், ரிச்சர்டு நீவ் என்னும் ஆங்கில அறிஞர் யூத நாட்டிற் கிடைத்த முதல் நூற்றாண்டு மண்டையோடு ஒன்றைக்கொண்டு, அக்காலத்து யூதர் ஒருவரின் முகத்தை மீட்டமைத்துக் காட்டினார். அகன்ற முகம், கறுத்த தோல், குட்டையான சுருள்மயிர். அஃது இயேசுநாதரின் முகமன்று என்பதை அவரே தெளிவாகக் கூறினார். எனினும் அதனைக் கண்டு பலர் திடுக்கிட்டனர். தாம் அறியாத ஒரு முகத்தைத் தாம் அறிந்ததாக அவர்கள் அதுகாறும் எண்ணியிருந்தமையே அத்திடுக்கத்திற்குக் காரணம்.

ஒவ்வொரு நாட்டாரும் தம் முகத்தை ஏற்றிக்கொள்ளும் இயல்பு கிறித்தவர்க்கே உரியதன்று. புத்தர் வாழ்ந்து பல நூற்றாண்டுகள் கழியுந்துணையும் அவர்க்கு மனிதவுருவம் செதுக்கப்படவில்லை. சாஞ்சியிலும் பார்கூத்திலும் திருவடிச் சுவடும், ஆளில்லாத இருக்கையும், அரசமரமுமே அவரைக் குறித்தன. பின்பு காந்தார நாட்டுச் சிற்பியர் அவர்க்குக் கிரேக்க ஆடையின் மடிப்பும் அலைமயிரும் தந்தனர். மதுரா நகரத்துச் சிற்பியர் பரந்த மார்பும் மெல்லிய துகிலும் தந்தனர். சீனரும் சப்பானியரும் தம் கண்ணையும் கன்னத்தையும் தந்தனர். எத்தியோப்பியர் 4-ஆம் நூற்றாண்டு தொட்டே கிறித்தவர். அவர்தம் ஓவியங்களில் இயேசுநாதரும் அடியாரும் மாநிற முகமும் அகன்ற விழியும் உடையர். அவ்வோவியங்களில் ஒரு மரபு கருதத்தக்கது. நல்லோர் இரு கண்ணும் தோன்ற நேர்நோக்கி நிற்பர். தீயோர் ஒரு கண்ணே தோன்றப் பக்கம் நோக்கி நிற்பர். அங்கே நன்மை தீமைகளைப் பிரித்துக் காட்டுவது நோக்கின் திசையே; தோலின் நிறம் அத்தொழிலைச் செய்யவில்லை.

சீனம் புத்தரைத் தன் முகத்தோடு ஏற்றபோது பெரும்பூசல் விளையவில்லை. என்னை? புத்தரின் உருவத்தைச் சுமந்து சென்ற துறவியர் சீனரை விலைக்கு விற்றாரல்லர். அமெரிக்காவிலோ நிலைமை வேறு. கறுப்பின மக்களைச் சந்தையில் நிறுத்தி விலைகூறிய இனத்தாரே நற்செய்தியையும் அவர்க்கு உரைத்தனர். அந்நற்செய்தியின் தலைவர்க்கு அடிமைத் தலைவனின் நிறமே அமைந்திருந்தது. அடிமைமுறை 1865-இல் ஒழிந்த பின்னரும் அப்படம் ஒழிந்திலது. 1940-இல் சிக்காகோ ஓவியர் வார்னர் சால்மன் எழுதிய, செம்பொன் ஒளி படிந்த மயிரும் வெளிறிய முகமும் கொண்ட இயேசுநாதரின் படம், இரண்டாம் உலகப்போரிற் படைஞர் சட்டைப்பை தோறும் புகுந்து, பின்னர் ஐம்பது கோடிக்கு மேற்பட்ட படிகளாய்ப் பரவிற்று என்பர். ஓவியர் தம் பத்தியால் எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவர் தம் அன்பினால் எழுதிய முகம், வேறொருவர் வீட்டுச் சுவரில் ஆண்டையின் முகமாய் நின்றது.

இதனை முன்னரே உணர்ந்து முழங்கியவர் என்றி மெக்நீல் டர்னர் என்னும் கறுப்பினப் பேராயர். உலகத்து மக்களெல்லாம் சொல்லாலும் ஓவியத்தாலும் சிற்பத்தாலும் கடவுளைத் தம்மைப்போல எண்ணிக்கொள்ளும்போது, கறுப்பர் மட்டும் அவ்வாறு எண்ணுதல் ஏன் தகாது என்று வினவி, கடவுள் கறுப்பரே என்று 1898-இல் எழுதினார். ஜமைக்காத் தீவினராகிய மார்க்கசு கார்வி 1920-களில், கடவுட்கு நிறமில்லை, ஆயினும் மனிதர் எதனையும் தம் கண்ணாடி வழியாகவே காண்பராகலின் கறுப்பரும் தம் கண்ணாடி வழியே காண்க என்றார். 1957-இல் மார்ட்டின் லூதர் கிங், இயேசுநாதர் வெள்ளையராயிருத்தல் ஏன் என்று ஒருவர் பத்திரிகை வாயிலாகக் கேட்டபோது, அவர் தோலின் நிறம் பொருட்படுத்தத்தக்கதன்று, கடவுளோடு அவர்க்கிருந்த ஒன்றிய உணர்வே அவர் பெருமை என விடையிறுத்தார். டிட்ராயிட் நகரத்துப் போதகர் ஆல்பர்ட் கிளீக்கோ அவ்விடையோடு அமைந்திலர். கலகத்திற்குச் சில திங்கள் முன்பு, 1967-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, கரிய மேரியம்மை கரிய குழந்தையை ஏந்திய பேரோவியத்தைத் தம் கோயிலில் நிறுவினார். நிறம் பொருளல்லவாயின் எங்கும் வெண்மையே நிற்பானேன் என்பது அவர் பக்கத்தார் வினா.

கிங், கிளீக் இருவருள் யார் கூற்றுச் சரியானது? சைவ நூல்வழி நின்று நோக்குவார்க்கு இருவர் கூற்றும் வெவ்வேறு நிலைபற்றி எழுந்தனவாகத் தோன்றும். சொரூபநிலையில் இறைவனுக்கு நிறமுமில்லை, குறியுமில்லை. தடத்தநிலையிலே அவன் உயிர்கள்பொருட்டு வடிவங்கொள்கின்றான். அவன் கொள்ளும் அருவம், உருவம், அருவுருவம் என்னும் மூவகை வடிவும் வினையால் வந்தன அல்ல, அருளால் ஆயின என்று சிவஞானசித்தியார் நிறுவும். கிங் கூறியது முன்னதற்குப் பொருந்தும். கிளீக் கேட்டது பின்னதைப் பற்றியது. அவ்விருவரும் இச்சொற்களை அறியார். எனினும் பொருள் இதுவே.

வடிவம் உயிரின்பொருட்டு என்னும் இவ்வொரு கொள்கையினின்றே விடை போதரும். ஓருரு உயிரைத் தன்பால் ஈர்த்து மேலேற்றுமாயின் அது தன் பயனைச் செய்கின்றது. அதே உரு ஓருயிரை நோக்கி, நீ என்னைப்போலல்லை, ஆகலின் தாழ்ந்தாய் என்று சொல்லாமற் சொல்லுமாயின், அது வணக்கத்திற்குக் கருவியாதல் ஒழிந்து, ஒரு மக்களின் செருக்கிற்கு வாயிலாகின்றது. மேலும், தனு கரண புவன போகங்களை உயிர்க்கு அளிப்பவன் இறைவனே என்பது சித்தாந்தம். மலத்தைக் கழித்துக்கொள்ளத் துணையாக அவன் அளித்த உடம்பை, அதன் நிறம்பற்றி இழிந்ததென எண்ணுமாறு ஓருயிரைப் பழக்குதல், அளித்தவனையே இகழ்தலாக முடியும். இவ்விகழ்ச்சி, தூரிகையெடுத்த அம்மனிதர்மீது சாற்றப்பட்ட இகழ்ச்சியினும் பெரிது.

இவ்வாறு கூறுங்கால், வரலாற்றிற் பிறந்தவர் ஒருவரின் முகத்தை விரும்பியவாறெல்லாம் மாற்றுதல் பொய்யாகாதோ எனின், ஆகாது; ஓவியம் தன்னை வணக்கத்தின் கருவி என்று சொல்லிக்கொள்ளும்வரை அது பொய் கூறவில்லை. இதுவே அவர் முகம், பிறிதெல்லாம் பிழை என்று சொல்லத் தொடங்குமிடத்திலேதான் பொய் புகுகின்றது. கரிய வண்ணம் பூசினோரும் அவ்வாறு சொல்லத் தலைப்படின் அவர்க்கும் இதுவே முறை.

இனி, இக்குறை மேனாட்டார்க்கே உரியதென்று தமிழர் அமைந்திருத்தல் இயலாது. சதாசிவமூர்த்தியின் ஐந்து திருமுகங்களுள் சத்தியோசாதம் வெண்மை, வாமதேவம் செம்மை, அகோரம் கருமை, தற்புருடம் பொன்மை எனத் தியானித்து வழிபட்ட மரபினர் அவர். ஒரே திருமேனியில் வெண்முகமும் கருமுகமும் உடன் நிற்க, ஒன்று உயர்வு மற்றொன்று தாழ்வு என்று எவரும் கூறியதில்லை. பவளமேனியன் என்று நூல்கள் புகழ்பவனைக் கருவறையிற் கருங்கல்லாகக் கண்டு, அதன்மேற் பாலும் நீறும் சொரிந்து, முரண்பாடு ஒன்றும் காணாது வணங்கி வந்தனர். கிருட்டிணன் என்னும் பெயர்க்குப் பொருளே கரியவன் என்பது. பாஞ்சாலிக்கும் கிருட்டிணை என்றே பெயர்.

இவ்வளவு இருந்தும், 1894-இல் இரவிவர்மா பம்பாய்க்கருகே செர்மானிய எந்திரங்களைக்கொண்டு அச்சுக்கூடம் நிறுவியது முதலாகத் தெய்வப் படங்கள் ஏழையர் வீட்டுச் சுவரிலும் ஏறியபோது, அவற்றோடு ஒரு நிறமும் ஏறிற்று. ஏழையர்க்கும் தெய்வக்காட்சி எளிதாயிற்று என்பது பாராட்டத்தக்கதே. ஆயினும் அப்படங்களிலும், அவற்றைப் பின்பற்றி வந்த நாட்காட்டிப் படங்களிலும் திருமகளும் கலைமகளும் பெரும்பாலும் வெளுத்த மேனியரே. கரியவன் என்னும் பெயருடையவனும் இளநீலம் பூண்டான். பச்சை, நீலம், கருமை என்பவற்றை ஒன்றாக வழங்குதல் புலவர் மரபாகலின் நீலத்திற்கு ஓரளவு இயைபுண்டு. பாலிற் கரைத்தாற்போன்ற அம்முகத்திற்கு அவ்வியைபும் இல்லை. அசுரரை எழுத நேருங்கால் மட்டும் அவ்வோவியர் கருமையைக் குறைவின்றிச் செலவிட்டனர். கறுத்த சிறுமியொருத்தி திருமகளின் படத்தைத் தொழுதுவிட்டு, அதனருகே தொங்கும் கண்ணாடியில் தன் முகத்தை நோக்குங்கால் அவள் உள்ளத்தெழும் எண்ணம், டிட்ராயிட் நகரத்துத் தாயொருத்தி தன் மகவைப்பற்றி அஞ்சிய எண்ணத்தினின்றும் எவ்வகையில் வேறாகும்? இங்கே கடல்கடந்து வந்த ஆண்டையும் வேண்டியிருந்ததில்லை. மணப்பெண்ணின் நிறத்தை விலைபேசும் வழக்கமே அத்தொழிலைச் செய்கின்றது.

பழைய தமிழ்ச் சிற்பியர் இதனின் வேறானதொரு நெறி அறிந்திருந்தனர். நாயன்மாருள் எவரும் இன்ன முகத்தினர் என்று அறிதற்கு வழியில்லை. ஆகலின் அச்சிற்பியர் முகத்தால் அவர்களை அடையாளங் காட்ட முயன்றிலர். உழவாரப்படை ஏந்தியவர் அப்பர். சுட்டுவிரல் உயர்த்திய குழந்தை சம்பந்தர். வில் தாங்கியவர் கண்ணப்பர். தொண்டே அடையாளமாயிற்று. காரைக்காலம்மையார்க்கு மட்டும் உடலே அடையாளம். வணிகர் குலத்து அழகுடைப் பெண்ணாயிருந்தவர், அவ்வழகைத் தாங்கும் தசையை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றார் என்றும், அவ்வடிவோடு கயிலை சென்றவரை இறைவன் அம்மையே என்றழைத்தான் என்றும் பெரியபுராணம் கூறும். அவ்வம்மையாரை அழகுபடுத்திக் காட்டச் சிற்பியர் கை எழவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிற்சுவரில், ஆடும் பெருமானின் திருவடிக்கீழ், விலாவெலும்பு தோன்ற, வற்றிய மார்போடு, கையில் தாளமேந்தி அவர் அமர்ந்திருக்கின்றார்.