தொழில் போனால் ஆள் போய்விடுவானா?

"நீங்கள் யார்?" என்று ஒருவரைக் கேட்டால் முதலில் தம் பெயரைச் சொல்லுவார். அடுத்தபடியாகத் தம் தொழிலைச் சொல்லுவார். கொத்தனார், வாத்தியார், மில்லில் ஃபிட்டர் என்று ஊராரும் அவரை அப்படியே அழைக்கிறார்கள். பெண் கொடுக்கும்போதும் தொழிலைக் கேட்கிறார்கள். கடைக்காரர் கடன் கொடுக்கும்போதும் தொழிலைக் கேட்கிறார். இதில் தவறொன்றுமில்லை. தொழிலால்தான் ஒருவன் தன் வீட்டைத் தாங்குகிறான், பிறருக்கும் பயன்படுகிறான்.

ஆனால் ஒருநாள் அந்தத் தொழில் நின்றுவிடுகிறது. ஆலையை மூடிவிட்டார்கள், அல்லது ஆலை நடக்கிறது, இவர் கையால் செய்ததை யந்திரம் செய்கிறது. வயதோ நாற்பத்தைந்து. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக் கடன் பாக்கி நிற்கிறது. இப்போது "நீங்கள் யார்?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லுவார்? பக்கத்து ஊரில் தொழிற்பயிற்சி கொடுக்கிறார்கள், போய்ச் சேருங்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லுமுன், நாம் அவரிடம் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சற்றுச் சிந்தித்தல் நலம்.

நாம் அறிந்த ஒரு தொழிலையே எடுத்துக்கொள்ளுவோம். 1578-ம் ஆண்டில் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்னும் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதை ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். அன்று தொடங்கி ஏறக்குறைய நானூறு ஆண்டுக் காலம், தமிழ் நூல் எதுவாயினும், திருமண அழைப்பிதழாயினும், கோயில் அறிக்கையாயினும், பெரும்பாலும் ஒருவர் நின்றுகொண்டு அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த பிறகே அச்சாயிற்று. அச்சுக் கோப்பவர் எழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வாசிக்கப் பழகியவர். அறைகள் நிறைந்த பெட்டியில் எந்த எழுத்து எங்கே கிடக்கிறதென்று அவர் கண் தேடுவதில்லை. கை தானாகப் போகும். அச்சு முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, மீண்டும் அதனதன் அறையில் பிரித்துப் போடுவார். 1980-களிலும் 1990-களிலும் ஆப்செட் அச்சும் கம்ப்யூட்டரும் ஊர்தோறும் வந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்த ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. எடைக்குப் போட முடியாத மனிதர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இன்னொரு செய்தியையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1-ந் தேதி அது நின்றது. ஒன்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் பெருந்தொகையினர் இளம் பெண்கள். முற்காலத்தில் ஒரு தொழில் பல தலைமுறை மனிதர்களைப் பார்த்தது. இக்காலத்திலோ ஒரு மனிதனே தன் ஆயுளில் இரண்டு மூன்று தொழில்களைப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆகவே இது யாரோ ஒருவருக்கு நேரிட்ட விபத்து என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது. இன்று நல்ல வேலையிலிருப்பவர்களுக்கும் இது அடுத்த வீட்டுக் காரியமே.

தொழில் போகும்போது மனிதனிடமிருந்து எது போகிறது, எது நிற்கிறது? அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது பெருநூலில் கலையையும் புண்ணியத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். அவர் கருத்தின் சாரம் இது: கலை என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய செவ்வையான அறிவு, அது பொருளை நன்றாக்கும். புண்ணியமோ செய்பவனையே நல்லவனாக்கும். நல்ல தச்சன் நல்ல கதவு செய்வான். ஆனால் சொன்ன நாளில் கொடுப்பதும், உள்ளே உளுத்த பலகையை வைத்து மறைக்காமலிருப்பதும் கலையினால் வருவனவல்ல. அவை வேறு இடத்திலிருந்து வருகின்றன.

இதை அச்சுக் கோப்பவருக்குப் பொருத்திப் பாருங்கள். பெட்டியின் அறைகளை அறிந்த கை இனிப் பயன்படாது. அது மெய்யான நட்டம். "ஒன்றும் போகவில்லை, வருந்தாதீர்கள்" என்று அவரிடம் சொல்லுவது ஆறுதலாகாது, பொய்யே ஆகும். இருபது ஆண்டு பழகிய கைக்குத் துக்கம் கொண்டாட உரிமையுண்டு. ஆயினும் அந்த இருபது ஆண்டுகளில் அவருக்குள் வேறொன்றும் வளர்ந்தது. ஒற்றுப்பிழை ஒன்று தப்பினாலும் உறுத்துகிற கண், நாளை காலைக்குள் தரவேண்டுமென்றால் இரவு தங்கி முடிக்கும் பொறுப்பு, பிறர் கையெழுத்தைப் பொறுமையோடு வாசிக்கும் குணம், இவை ஈயத்தோடு உருகிவிடவில்லை. கம்ப்யூட்டரில் தட்டெழுதப் பழகிய அச்சுக் கோப்பவரிடம் பிழை குறைவாயிருக்கக் காரணம் அதுவே. விசைப் பலகையை ஒருவர் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். சந்திப்பிழை கண்ட மாத்திரத்தில் கை நிற்பதற்கு ஆண்டுகள் வேண்டும்.

மேலும், இவர்கள் புதிதாய்க் கற்க மாட்டார்கள் என்பதும் உண்மையன்று. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, பழைய றா, னை, லை வடிவங்கள் மாறின. பழைய வடிவத்தில் ஊறிய கைகள் புதிய வடிவத்தைக் கற்றுக்கொண்டன. 1999-ல் தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை அரசால் ஏற்கப்பட்டபோதும், தட்டச்சு முறையில் பழகியவர்களில் சிலர் அதற்கு மாறினார்கள். சிலர் பழைய முறையிலேயே கம்ப்யூட்டரிலும் வேலை செய்தார்கள். ஆகவே ஒருவர் கற்பாரா என்பது வயதை மட்டும் பொறுத்ததல்ல. யார், எப்படி, எந்த நிலையில் கற்பிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது. "என் மகன் வயதுப் பையன் கற்பிக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதா?" என்று பலர் வெட்கப்படுகிறார்கள். வெளியே சொல்லுவது நேரமில்லை என்பது. உள்ளே இருப்பது இந்த வெட்கம். அர்ச். இஞ்ஞாசியார் போர்வீரராயிருந்து 1521-ல் பாம்பலோனாவில் காலில் காயமுற்றவர். முப்பது வயது கடந்தபின் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றார். ஜெர்மனியில் அடோல்ப் கோல்பிங் செருப்புத் தைக்கும் தொழிலாளியாயிருந்தவர். இருபத்துமூன்று வயதுக்கு மேல் கோலோன் நகரில் தம்மினும் மிக இளையவர்களோடு பள்ளியில் சேர்ந்து, 1845-ல் குருவானார். 1849-ல் அதே நகரில் தொழிலாளி இளைஞர்களுக்கென்று சங்கம் அமைத்தார். கற்பதற்காகத் தாழ உட்கார்ந்தவர்கள் தாழ்ந்துபோகவில்லை.

ஆயினும் இந்த உதாரணங்களை வேலையிழந்தவர் தலையில் எறியலாகாது. இஞ்ஞாசியாரும் கோல்பிங்கும் தாங்களே விரும்பிப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் பால்காரருக்குப் பாக்கி இல்லை, பள்ளிக் கட்டணம் கேட்டு நிற்கும் பிள்ளை இல்லை. நம்மவர் விரும்பாமல் தள்ளப்பட்டு வருகிறார். தாமாய்த் தாழ்வது தாழ்ச்சி. பிறர் தாழ்த்துவது அவமானம். பயிற்சிக்கூடம் ஒன்றின் முதற் கடமை, வருகிறவருடைய அவமானத்தைக் கூட்டாதிருப்பது. கற்பிக்கும் இளைஞர் "ஐயா, இப்படிப் பிடித்துப் பாருங்கள்" என்று சொல்லட்டும். பெரியவரும் அந்த இளைஞரை "சார்" என்று அழைக்கத் தயங்கவேண்டாம். இருவரும் ஒருவரையொருவர் மதித்தால் வெட்கம் தானே விலகும்.

இரண்டாவது ஆட்சேபம் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. "காலம் மாறுவது தெரியாதா? முன்னமே கற்றிருக்கக் கூடாதா? அவரவர் தவறுக்கு அவரவரே பொறுப்பு" என்பார்கள். இந்த வாதம் நியாயமானதாகத் தோன்றும், ஆனால் நியாயமன்று. அந்த மனிதர் பேசிய கூலிக்குப் பேசிய வேலையைச் செய்தார். அதற்கு மேல் உலகச் சந்தை எப்போது திரும்பும் என்று கணிக்கவேண்டியது அவர் கடமையாயிருக்கவில்லை. கணிக்கும் பெரிய படிப்பாளிகளே தவறிப்போகிறார்கள். மேலும், புதிய யந்திரத்தினால் நம் எல்லாருக்கும் இலாபம் உண்டாயிற்று. அச்சு விரைவாயிற்று, மலிவாயிற்று. இலாபத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டு, நட்டத்தை மட்டும் சிலர் தலையில் கட்டுவது நீதியாகுமா? ஆகவே தொழிற்பயிற்சி என்பது நாம் இரங்கிப் போடும் பிச்சையன்று. சமுதாயம் அவருக்குப் பட்டிருக்கும் கடன். பிச்சையைக் கொடுப்பவர் தமக்கு இஷ்டமானபடி கொடுக்கலாம். கடனையோ முழுதாகவும் உரிய காலத்திலும் தீர்க்கவேண்டும்.

முழுதாகத் தீர்ப்பதென்றால் என்ன? நம் நாட்டில் கைத்தொழில் பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் பயனே. அவை பெரும்பாலும் இளைஞரை மனத்தில் வைத்து ஏற்பட்டவை. வீட்டைத் தாங்கும் மனிதர் ஓராண்டு, ஈராண்டு சம்பாத்தியமின்றிப் படிப்பது அரிது. 1982-ல் கர்நாடகத்தில் உஜிரே என்னும் ஊரில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து குறுகிய காலப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. அதை மாதிரியாகக் கொண்டு, 2009 முதல் மாவட்டத்துக்கு ஒன்றென ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை வங்கிகள் நடத்துகின்றன. பயிற்சி சில நாள் அல்லது சில வாரம், கட்டணமில்லை, உணவுண்டு. பயிற்சி முடிந்தபின்னும் சுமார் ஈராண்டுக் காலம் விசாரித்து உதவவேண்டுமென்பது அத்திட்டத்தின் ஏற்பாடு. இந்தக் கடைசி ஏற்பாடே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏனெனில் கற்ற தொழிலில் முதல் ஆறு மாதம் நிலைப்பதே கடினம்.

அர்ச். தொன் போஸ்கோ இதை நன்கு உணர்ந்திருந்தார். தூரின் நகரில் 1850-களின் தொடக்கத்தில் தம் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பியபோது, முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். பையனுக்குத் தொழிலையே கற்பிக்க வேண்டும், வேறு வீட்டு வேலை வாங்கலாகாது; திருத்துவது வார்த்தையால் இருக்கவேண்டும், அடியால் அன்று; திருநாட்களில் ஓய்வு தரவேண்டும் என்பன அதில் கண்ட நிபந்தனைகள். பயிற்சி என்ற பெயரில் சும்மா வேலை வாங்கும் இடங்கள் இன்றும் உண்டு. எனவே அந்த ஒப்பந்தம் பழையதாகிவிடவில்லை.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு உண்மையும் ஒரு கடமை. ஒரே தெருவில் இருபது பெண்களுக்குத் தையல் கற்பித்து, இருபது சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளுவது எளிது. அந்தத் தெருவில் தைக்க எத்தனை ரவிக்கை வரும் என்று முன்னதாக எண்ணிப் பார்த்தார்களா? வேலை கிடைக்காத இடத்தில் வேலை கிடைக்குமென்று நம்பவைத்துப் பயிற்சி கொடுப்பது, இரண்டாம் முறையும் அவர்களை ஏமாற்றுவதாகும். முதல் ஏமாற்றத்தைச் சந்தைமேல் போடலாம். இரண்டாவதை யார்மேல் போடுவது?

இனி, எந்தப் பயிற்சியும் உதவாதவர்களும் இருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில், கண் மங்கி, முதுகு வளைந்து நிற்பவரிடம் புதிய தொழில் கற்கச் சொல்லுவது இரக்கமாகாது. அவருக்கு நாம் என்ன பதில் சொல்லுவோம்? பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் மனித உழைப்பைக் குறித்து எழுதிய நிருபத்தில், வேலையின் மதிப்பு அது எந்த வகை வேலை என்பதிலிருந்து முதலில் வருவதில்லை, அதைச் செய்பவன் மனிதன் என்பதிலிருந்தே வருகிறது என்று விளக்குகிறார். அப்படியானால், வேலைக்கு மதிப்புக் கொடுத்தவன் மனிதன். வேலை மனிதனுக்கு மதிப்பைக் கொடுக்கவில்லை. கொடுக்காததை அது எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. "நீங்கள் யார்?" என்ற கேள்விக்குத் தொழில் ஒரு பதிலாயிருந்தது; அதுவே முழுப் பதிலாக ஒருநாளும் இருந்ததில்லை. இந்தப் பெரியவரை ஆதரிப்பதும் கடனில் சேர்ந்ததே. பயிற்சிக்குத் தகுதியில்லை என்று அவர் பெயரை அடித்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது.

அன்பர்களே, இதெல்லாம் அரசாங்கமும் வங்கியும் பார்க்கவேண்டிய காரியம் என்று நாம் இருந்துவிட வேண்டாம். நம்மால் ஆவதும் உண்டு. வேலையிழந்தவரைப் பற்றி "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்று அவர் பிள்ளைகள் காதுபடப் பேசாதிருப்போம். மனைவி சம்பாதிக்கும் வீட்டில் கணவர் சமைத்தால் அதை நகைச்சுவையாக்காதிருப்போம். அவர் காலையில் பையை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் புறப்படும்போது, "இந்த வயதிலா?" என்று கேட்பவராக நாம் இருக்கவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாய்த் தொழில் பழகியவருக்கு முதல் வேலையை நாம் கொடுப்போம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் ஒருவரை மெக்கானிக் ஆக்குவது அவரிடம் வந்து நிற்கும் முதல் ஸ்கூட்டரே. உங்கள் தெருவில் அப்படி ஒரு புதிய பலகை தொங்கினால், பழக்கமான கடைக்குப் போகும் வழியில் அங்கே ஒருமுறை நில்லுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலையில் குறை கண்டால் அவரிடமே சொல்லுங்கள், தெருவில் சொல்லாதீர்கள். திருத்திக் கொடுத்தால் அடுத்த முறையும் போங்கள்.