நாலு மணி நேரம்

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ நாலு மணி. நம் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், அங்கே மாலை ஏழுக்குக் கிளம்பினால் இங்கே எட்டரைக்கு மீனம்பாக்கம். சிங்கப்பூரில் வேலை கிடைத்தபோது பெருநகர் வீட்டில் அம்மாவிடம் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். "நாலு மணி நேரம்தாம்மா. பெங்களூர்ல இருக்கறவன் பஸ்ல வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்."

பொய் இல்லை. ஆனால் அது விமானத்தின் கணக்கு. ஒரு நிலையத்தில் நகரத் தொடங்கி இன்னொரு நிலையத்தில் நிற்கும்வரை. லீவு கேட்பது, டிக்கெட் தேடுவது, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது, குடியேற்ற வரிசை, பிறகு காஞ்சிபுரம் வழியாக டாக்ஸி எதுவும் அதில் வராது. எங்கள் தொழிலிலும் இதைச் செய்வோம். சர்வர் 40 மில்லி செகண்டில் பதில் தந்தது என்று ரிப்போர்ட் போடுவோம். அந்தப் பக்கம் ஒருவர் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் அம்மா தோட்டத்துப் பக்கம் வழுக்கி விழுந்தார். எதிர்வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்துக் காஞ்சிபுரம் கொண்டுபோனார். ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தார். நான் போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம். கையில் மாவுக்கட்டு காய்ந்திருந்தது. அக்காவுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு என்று பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

உதவ முடிந்தவருக்குத் தூரம் ஒரு சாக்கு ஆகாது என்று பீட்டர் சிங்கர் 1972இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். படித்த நாளிலிருந்து அதை ஒப்புக்கொண்டவன் நான். ஆனால் அன்றைக்குத் தூரம் இருந்தது. நான் சுமக்காத அதை அக்கா சுமந்தார்.

இப்போது காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் பரந்தூரில் புது விமான நிலையம் வரப்போகிறது. அறிவிப்பு வந்தது 2022இல். 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கு மேல், வயலும் ஏரியுமாக. மீனம்பாக்கத்தின் நெரிசல் உண்மை. பரந்தூர் வந்தால் என் சாலைப் பயணம் பாதிக்கும் கீழே குறையும், அதுவும் உண்மை. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். பக்கத்து உத்திரமேரூரில், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிப் பெருமைப்பட்டு வளர்ந்தவன்தான் நானும்.

எனக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது? வாசலில் நிலம் வைத்திருந்த ஒருவர் இனி அந்த நிலத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருப்பார் என்பதை எந்த கால அட்டவணையும் போடாது. நாளைக்கு அந்த நிலையத்தில் நான் இறங்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இறங்குவேன். அந்த ஒரு மணி நேரத்தை என்னுடைய சம்பாத்தியம் என்று மட்டும் நினைக்க முடியாது.

போன வாரம் அம்மா கேட்டார், "அவசரம்னா எவ்ளோ நேரத்துல வருவ?"

"ஒரு நாள் ஆகும்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா நம்பர் மாத்திட்டா, எழுதிக்கோ" என்றார்.