பிறர் பழியும் நம் பெயரும்

கூலி பெற்றுப் பிறருக்காகப் பணியாற்றுவோர் உலகில் மிகப் பலர். வழக்கறிஞர், கணக்காய்வாளர், விளம்பரம் எழுதுவோர், ஆள் சேர்த்துக் கொடுப்போர் ஆகிய யாவரும் இவ்வினத்தவரே. இவர்கள் யாருக்காக உழைத்தார்களோ அவர் ஒரு நாள் ஊரறியப் பழிக்கு ஆளானால், இவர்தம் பெயரும் உடன் கறைபடுகின்றது. அந்நிலையில் தம் பெயரைக் காத்துக்கொள்ள முனைவது அறமா? அறமெனின், எவ்வழியிற் காப்பது அறம்?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் பழைய வாழ்வு இவ்வினாவிற்கு ஒளி தருகின்றது. பத்தாங் பெர்ஜுந்தை என முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவைச் சூழ்ந்தும், வடக்கே சபாக் பெர்ணம் வரையிலும் ரப்பரும் தென்னையும் செம்பனையும் செழித்தன. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தோன்றியதும் இங்குள்ள தென்னமரம் தோட்டத்திலேதான். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியவருள் முதன்மையானவர் கங்காணியார். அவர் தம் சொந்த ஊருக்குச் சென்று, தம் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை இம்முறை நீடித்தது.

ஊரார் எதனை நம்பிக் கப்பலேறினர்? கடல் கடந்து நின்ற கம்பெனியை அவர்கள் அறியார். கங்காணியாரின் சொல்லையே நம்பினர். தோட்டத்தில் கொடுமை நிகழ்ந்தால், 'அது துரையின் குற்றம். நான் அழைத்து வந்தவன் மட்டுமே' என அவர் சொல்லித் தப்ப இயலுமா? இயலாது. ஏனெனில், அவர் கம்பெனிக்குக் கொடுத்தது உழைப்பு மட்டுமன்று. தம் பெயரையும் கொடுத்தார். அப்பெயரோ ஊரார் வைத்த நம்பிக்கையினால் ஆயது. ஆகவே பெயர் என்பது நமக்கே உரிய பொருளன்று. பிறர் நம்மிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள் அது.

நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2009இல் அமைந்த 1எம்டிபி என்னும் அரசு நிறுவனத்திற்குக் கணக்காய்வாளர் அடுத்தடுத்து மாறினர். முதலில் வந்த எர்ன்ஸ்ட் அண்டு யங் எக்கணக்கிலும் கையொப்பமிடவில்லை. பின்வந்த கேபிஎம்ஜியும், அதன்பின் வந்த டெலாய்ட்டும் கையொப்பமிட்டன. 2016 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்ததும், தன் பழைய அறிக்கைகளை இனி நம்ப வேண்டா என டெலாய்ட் தெரிவித்தது. கேபிஎம்ஜி 2018 ஜூனில், தன்னிடம் ஆவணங்கள் மறைக்கப்பட்டன எனக் கூறி அவ்வாறே செய்தது. 2021இல் டெலாய்ட் ஏறத்தாழ 32 கோடியே 40 லட்சம் வெள்ளியும், கேபிஎம்ஜி ஏறத்தாழ 33 கோடியே 30 லட்சம் வெள்ளியும் மலேசிய அரசுக்குச் செலுத்த இணங்கின.

கையொப்பத்தைத் திரும்பப் பெற்றமை பெயரைக் காக்கவா, உண்மையைக் காக்கவா? உள்ளத்தை நாம் அறியோம், பயனை அறிவோம். காலம் தாழ்ந்ததாயினும், நம்பியவரை அவ்வறிவிப்பு எச்சரித்தது. ஒப்பமிடாமையோ தன்னைக் காத்தது. ஆனால் ஓசையின்றி ஒப்பமிடாதிருத்தல், நாட்டின் கடனைச் சுமக்கும் மக்களை, தோட்டப் பாட்டாளியின் பிள்ளைகளையும் உள்ளிட்ட அம்மக்களை, காத்ததா? வாடிக்கையாளரின் மறைபொருளைக் காக்கும் கடமை உண்டு. எனினும், அக்கடமைக்கு ஓர் எல்லையும் உண்டன்றோ?

குற்றமற்றோர் பலரும் துன்புறுவரே என்று சிலர் மறுப்பர். அம்மறுப்பில் உண்மை உண்டு. என்ரான் நிறுவனம் 2001இல் வீழ்ந்தபோது, அதன் கணக்காய்வாளரான ஆர்தர் ஆண்டர்சன் ஆவணங்களை அழித்ததன் தொடர்பில் 2002இல் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அதற்குள் உலகெங்கும் அதில் பணியாற்றிய ஏறத்தாழ 85,000 பேர் சிதறிப் போயினர். அவர்களுள் மிகப் பலர் என்ரான் கணக்கைக் கண்ணாலும் காணாதவர். நீதிமன்றம் தண்டனையை நீக்கலாம்; இழந்த நம்பிக்கையை மீட்டுத் தர அதனால் ஆகாது.

ஆதலின், பொய்ப்பழியை மறுப்பது தவறன்று. குற்றமற்ற ஊழியரைக் காப்பது கடமையே. ஆனால் முதலிற் செய்யத்தக்கது, நம் பெயரை நம்பி ஏமாந்தவருக்கு நாம் அறிந்ததை உரைத்தல். அதற்கு முன்னரே நம்மைத் தூயவராகக் காட்ட முந்துவது, முதற் பிழையின்மேல் ஏற்றும் இரண்டாம் பிழையாகும். வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுவாரை அதிற் போற்றினார். அந்நாணம் உடையார்க்கு 'அது என் குற்றமன்று' என்பது இறுதிச் சொல்லாக அமையாது.

ஆசிரியர் மாணவனுக்கு எழுதித் தரும் நற்சான்றும் இத்தகையதே. அத்தாளை வாங்குவோன் மாணவன். நம்புவோன் அதனைப் படிப்பவன். கையொப்பமிடும் எவரும் கண்முன் நிற்பவனை மட்டுமன்றி, காணாத அம்மனிதனையும் நினைத்தே எழுதுகோலை எடுத்தல் வேண்டும்.