ஔஷதமும் போகமும்

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலாகிய விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு சிறு விருத்தாந்தம் வருகிறது. பிலிந்தவச்சர் என்னும் பிக்ஷுவுக்கு வாத நோய் கண்டபோது, தைலம் காய்ச்ச வேண்டும், அதில் மதுவும் சேர வேண்டும் என்று வைத்தியர்கள் விதித்தார்கள். மதுவை விலக்கிய சங்கத்திலேயே அதற்குப் புத்தர் அனுமதி அளித்தார். அனுமதி கிடைத்ததுதான் தாமதம், எப்போதும் வம்பை விலைக்கு வாங்குகிற பிக்ஷுக்கள் அறுவரின் கூட்டம் மதுவை மிதமிஞ்சிக் கொட்டித் தைலம் காய்ச்சிக் குடித்து மயங்கிற்று. சேதி எட்டியதும் புத்தர் அனுமதியை ரத்து செய்துவிடவில்லை. மதுவின் நிறமோ மணமோ சுவையோ தெரியாத அளவே சேரலாம் என்று வரம்பு கட்டி, மிகையாகச் சேர்த்துக் காய்ச்சியதை உடம்பில் பூசிக்கொள்ளச் சொன்னார்.

ஒரு பொருள் மருந்தாவதும் மயக்கமாவதும் அதன் குணத்தாலா, அதை நாடுகிறவனுடைய சித்தத்தாலா என்ற கேள்விக்கு இதைவிட நிதானமான விடையை நான் கண்டதில்லை. மனச்சோர்வு நோய்க்கென்று வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளை, அந்நோய் இல்லாதவர்கள் உல்லாசத்துக்காக உட்கொள்ளும் இக்காலத்தில் அவ்விடை மிகவும் வேண்டப்படுவது. ஃப்ளூவாக்ஸெட்டீன் போன்ற மருந்தை உட்கொண்டவுடன் சுகம் ஒன்றும் தோன்றுவதில்லை. சில வாரங்கள் சென்ற பிறகே உறக்கமும் பசியும் மெல்லத் திரும்பி, காலையில் எழுந்து பல் துலக்குவதும் பாரமாயிருந்த மனிதன், பிறரைப் போலச் சிரிக்கவும், பிறரைப் போலத் துக்கப்படவும் சக்தி பெறுகிறான். ஆனந்தம் என்று சொல்லத்தக்கது அம்மாத்திரைக்குள் ஏதுமில்லை.

போகத்தை நாடுகிறவனோ, இல்லாததை அதனிடம் கேட்கிறான். அளவுக்குள் கிடைக்காததால் அளவைக் கடக்கிறான். அமெரிக்கச் சிறைச்சாலைகளில் கைதிகள் சிலர் புப்ரோப்பியான் என்னும் மனச்சோர்வு நோய் மாத்திரையைப் பொடியாக்கி மூக்கால் உறிஞ்சியதை அந்நாட்டு வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். சிறுகச் சிறுகக் கரைய வேண்டுமென்று செய்த மருந்து ஒரே மூச்சில் இரத்தத்தில் கலப்பதால் உண்டாவது, கொக்கேயினை ஒத்ததாக அவர்கள் சொல்லிக்கொள்ளும் கணநேரக் கிளர்ச்சி. அதன் பின்னாலேயே மூக்கின் உட்சதை புண்ணாவதும், சிலருக்கு வலிப்பும். வலிப்பின் காரணமாகவே 1986-இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, உச்ச அளவு குறைக்கப்பட்டு, 1989-இல் திரும்பி வந்த மருந்து அது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகைகளில் அளவு மீறினால் இருதயத்தின் தாளமே தவறி உயிர் போகவும் கூடும். நான்கு சுவர்களுக்குள் அடைபட்டவன் ஒரு கணமாவது வெளியேறத் துடிப்பதை என்னால் நிந்திக்க முடியவில்லை; ஆனால் அவன் தேடிய விடுதலை அந்தப் பொடியில் இல்லை.

இத்தகைய சேதிகளைக் கேட்டுவிட்டு, பக்திமான்கள் சிலர், “பிரார்த்தனை போதாதா, மாத்திரை எதற்கு?” என்று மெய்யான நோயாளியைக் கண்டிக்கப் புறப்படுகிறார்கள். அறுவர் செய்த குற்றத்துக்குப் பிலிந்தவச்சரைத் தண்டிக்கிற நியாயம் இது. மருந்து உண்கிறவர்கள் வெட்கப்படவும் வேண்டாம், வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மாத்திரைகளை மட்டும் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.