ஈர்க்கும் வனிலாப் பூவும்

சுபஹு தொழுதுவிட்டு இறங்கினால் உச்சி வெயிலுக்கு முன் வேலை முடிய வேண்டும். வனிலாப் பூ ஒரு காலைப் பொழுதுக்குத்தான் விரியும். கலகெதரயில் எங்கள் தோட்டத்தில் மிளகுக்கும் கராம்புக்கும் நடுவே, கிளிரிசிடியா மரத்தைச் சுற்றிக் கிடக்கிறது கொடி. அதன் பூவுக்குப் பழகிய தேனீ மெக்சிகோப் பக்கத்தில். இங்கே அந்த வேலை எனக்கு. கூராகச் சீவிய ஈர்க்கால் பூவுக்குள் உள்ள மெல்லிய தடுப்பை நிமிர்த்தி, பெருவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் ஒற்றிவிட வேண்டும். 1841இல் ரீயூனியன் தீவில் இந்த வித்தையைக் கண்டுபிடித்த எட்மண்டுக்கு வயது 12. அடிமைச் சிறுவன், அல்பியஸ் என்ற குடும்பப் பெயர்கூட விடுதலைக்குப் பிறகுதான் கிடைத்தது.

"பிஸ்மி சொன்னீங்களா மகன்?" அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வரும்.

"நான் தொடாட்டி காய்க்காதே உம்மா. அப்ப காய்க்க வைக்கிறது ஆரு?" என்று ஒருநாள் குதர்க்கம் பேசினேன்.

"நீங்க தொட்டதெல்லாம் காய்ச்சதா?"

வாயடைத்துப் போனேன். விதைக்கிறவனிடம், முளைக்க வைப்பது நீயா என்று கேட்கிறது குர்ஆனின் அல்வாகிஆ அத்தியாயம். அதை விவசாயிக்கு விழுந்த குட்டு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. மதீனாவில் பேரீச்சைக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், அதனால் பயனிருக்கும் என்று தமக்குத் தோன்றவில்லை என்றார்கள். தோட்டக்காரர்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் கெட்டது. பிறகு அந்தத் தொழிலை அது தெரிந்தவர்களிடமே நபியவர்கள் விட்டுவிட்டார்கள். இறைவன் முளைக்க வைக்கிறான் என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை.

நெருப்பு பஞ்சை எரிப்பதில்லை, இறைவனே எரிக்கிறான் என்றார் இமாம் கஸ்ஸாலி. அவர்மீது மரியாதை உண்டு. ஆனால் ஈர்க்குப் பிடித்த விரல் அதை ஒப்ப மறுக்கிறது. எனக்குப் பிடித்தது, கூடப் படித்த ஒருவனின் வேதாகமத்தில் கண்ட ஆதியாகமம். ஆறாம் நாளில் விலங்குகளைப் பிறப்பிக்கும்படி பூமிக்குக் கட்டளை. அடுத்த வசனத்திலேயே, அவற்றைக் கடவுள் உண்டாக்கினார் என்று வருகிறது. யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு அங்கே இல்லை. கேட்டது நான்தான், சந்தைக்குப் போய் வருகிறவன் புத்தி.

நேற்று பதினேழு பூக்களைத் தொட்டேன். இன்று நான்கு உதிர்ந்து கிடக்கின்றன. மற்றவை வாடியும் காம்பை விடவில்லை. காய் முற்ற இன்னும் எட்டு ஒன்பது மாதம் ஆகும். உம்மா உதிர்ந்ததைக் குனிந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.